பதினாலு படி

புதன்கிழமை கான்கிரீட் படி வார்த்தார்கள். பதினாலு படி. பக்கத்து வீட்டுக்காரன் தனிலாவுக்குப் பன்னிரண்டு.

"பதிமூணு போதாதா அண்ணே?" என்று கேட்டான் கான்ட்ராக்டர் கவ்ரில். "ஒண்ணு கூட இருந்தாலே தனிலாவுக்குத் தூக்கம் போயிரும்."

"பதிமூணு ஆகாதுடா. பதினாலாப் போடு," என்றான் சிமியோன்.

"உயரம் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு படியும் குட்டையா வரும்."

"குட்டையா வந்தா நல்லதுதானே. வயசாகுதுல்ல."

கவ்ரில் சிரித்துக்கொண்டே பென்சிலைக் காதில் செருகினான். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. மறுநாள் பக்கத்துப் பலகைகளைத் தட்டிக் கழற்றினார்கள். படி சாம்பல் நிறத்தில் முற்றத்திலிருந்து எழுந்து, இன்னும் சுவர் வராத ஒரு தளத்தில் போய் முடிந்தது. அந்தத் தளத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடம். சிமியோனிடம் கார் கிடையாது. ஒரு குதிரையும் வண்டியும் இருந்தன. ஆனால் கீழே கார் நிறுத்த இடம் இல்லாத வீட்டை இசா ஆற்றங்கரையில் பத்து வருடமாக யாரும் கட்டவில்லை.

"காலையிலயும் சாயந்திரமும் தண்ணி விடுங்க," என்றான் கவ்ரில். "வெயில் மோசமா இருக்கு. படிமேல போட்ட சாக்கு காயக்கூடாது. எவ்வளவு தண்ணி குடிக்குதோ அவ்வளவு கெட்டியாகும்."

சிமியோன் தண்ணீர் விட்டான். கிணற்றிலிருந்து இரண்டு கைகளிலும் வாளி தூக்கி வந்து ஈரச் சாக்குமேல் மேல்படியிலிருந்து ஊற்றிக்கொண்டே இறங்கினான். பிறகு வாசல் கேட்டருகே நின்று பார்த்தான். சனிக்கிழமை மனைவி ரஃபிலா வருகிறாள். இத்தாலியிலிருந்து வரும் வேன் சாயங்காலம் நாலு மணிக்குச் சாலையில் நிற்கும். இறங்கியதும் கண்ணில் படப்போவது இந்தப் படிதான்.

ரஃபிலாவுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் இத்தாலிக்குப் போய்ப் பதினாறு வருடம். கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, அவர்கள் வீட்டிலேயே தூங்குகிற வேலை. கடைசி ஏழு வருடமாக பியெரா என்று ஒரு கிழவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிழவி தூங்கும் நேரத்தில் ரஃபிலா போன் பண்ணுவாள். சிமியோன் வைக்கோலைப் பற்றியும் கன்றுக்குட்டியைப் பற்றியும் பேசுவான். மகன் பெல்ஜியத்தில். அவன் போன் பண்ணுவதும் ஞாயிற்றுக்கிழமைதான்.

வீடு கட்டுவது என்று முடிவானபோது சிமியோன் போனில் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை மாடி?"

"நான் ஒரு ஆர்க்கிடெக்ட்கிட்ட பேசியிருக்கேன்," என்றாள் ரஃபிலா. "பாயா மரே டவுன்ல இருக்கா. வந்து பாப்பா."

ஊரே வாயைப் பிளந்தது. அந்த ஊரில் சர்ச்சுக்குக்கூட ஆர்க்கிடெக்ட் வந்ததில்லை.

வந்தவள் ஸ்மரந்தா. முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். முதல் நாள் முழுக்க ஒன்றும் அளக்கவில்லை. பழைய மரவீட்டுக்கு முன்னால் வெட்டுக்கட்டையில் உட்கார்ந்து வெயில் எங்கே நகர்கிறது என்று பார்த்தாள். பிறகு சிமியோனைக் கூப்பிட்டாள்.

"காலையில எந்திரிச்சதும் முதல்ல எங்க போவீங்க மாமா?"

"கொட்டாய்க்குப் பின்னால."

"அப்புறம்?"

"அப்புறம் மனசு லேசாயிரும்."

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாராயக் கடையில் சிமியோன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தான். அடுத்த வருடமும் ஸ்மரந்தா வந்தாள். மறுபடி கேள்வி. ரஃபிலாவிடம் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறாள் என்று தெரிந்தது. மூன்று வருடம் ஆயிற்று. ஒரு செங்கல் வரவில்லை. அதற்குள் தனிலா வீடு முடிந்து, பூசி, ஆரஞ்சு வண்ணம் அடித்து, பன்னிரண்டு படியிலும் பூந்தொட்டி வைத்தாகிவிட்டது.

அந்த வீட்டைக் கட்டியவன் கவ்ரில். அவனும் கேள்வி கேட்பவன்தான். மூன்று கேள்வி. எத்தனை மாடி, கூரை என்ன நிறம், எப்போது வேண்டும். "நீங்க ஒரு ஆணி வாங்க வேண்டாம்," என்பான். "சாவியைக் கையில தருவேன். கதவைத் திறந்தா லைட் எரியும், குழாயில தண்ணி வரும். அவ்வளவுதான்."

ஈஸ்டர் வாரத்தில் சிமியோனும் கவ்ரிலும் கை பிடித்துக்கொண்டார்கள். பேரம் முடிந்ததற்குச் சாட்சியாகத் தனிலாதான் நடுவில் கையை வெட்டுவதுபோல் அடித்துப் பிரித்துவிட்டான். பிறகு பேரம் முடிந்த சாராயம். ஆளுக்கு மூன்று கோப்பை. அந்தச் சாராயத்தைக் குடித்துவிட்டுப் பின்வாங்கினவன் என்று அந்த ஊர் ஒருத்தன் பெயரைத்தான் சொல்லும். அவன் செத்து நாற்பது வருடம். இன்னும் சொல்கிறார்கள்.

ரஃபிலாவிடம் சிமியோன் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஸ்மரந்தாவிடம் கேட்பாள். ஸ்மரந்தா இன்னொரு கேள்வி கேட்பாள்.

*

வெள்ளிக்கிழமை வைக்கோல் வேலை. மேட்டு வயலில் புல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே சாலையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. மேலிருந்து பார்த்தே சிமியோனுக்குத் தெரிந்தது. முள்கவையை ஊன்றிவிட்டு இறங்கினான். மேற்கில் மேகம் கட்டியிருந்தது. மூன்று நாளாகக் கட்டிக்கொண்டேதான் இருந்தது, விழவில்லை.

ஸ்மரந்தா முற்றத்தில் நின்றாள். கக்கத்தில் ஒரு காகிதச் சுருள். அவள் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது என்ன?"

"படிம்மா. டவுன்ல பாத்ததில்லயா?"

"ரஃபிலா அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. நாளைக்கு வந்து இறங்கி வாயைப் பொளக்கணும். நீயும் போன் கீன் பண்ணி உளறிராத."

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

"பதினாலு," என்றான் சிமியோன். "எண்ண வேண்டாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய நாயைப் பார்த்தவர்கள் முகம் அப்படி ஆகும். சிமியோனுக்குச் சங்கடமாக இருந்தது.

"கோவப்படாதம்மா. உன் ப்ளான் வீணாப் போச்சுன்னு தெரியுது. உனக்குச் சேரவேண்டியதை அவ குடுத்துருவா."

"அது இல்ல மாமா."

"பின்ன என்ன?"

"இதை உடைக்கணும்."

சிமியோன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உடைக்கணுமா? நேத்துதாம்மா பலகை எடுத்தோம். நான் குடிச்ச சாராயத்தை வாந்தி எடுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கறது உன் வேலையாச்சே."

அவள் காகிதச் சுருளை நிறுத்தியிருந்த வைக்கோல் வண்டியில் வைத்தாள்.

"நாளைக்கு அத்தை வந்ததும் இதைக் குடுக்கச் சொன்னாங்க. நானே இருந்து குடுக்கணும்னுதான் நெனச்சேன். இப்ப நான் இருக்கக்கூடாது. நீங்க அவங்ககிட்ட கேளுங்க மாமா."

"என்னத்தைக் கேக்க?"

"அதை நான் சொல்லக்கூடாது. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

கார் திரும்பிப் போயிற்று. வாசல் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றது. பிறகுதான் போயிற்று.

*

மத்தியானம் கவ்ரில் வந்தான். வண்டி நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆறிப்போன சோளக்களியை நூலால் துண்டு போட்டு, உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டார்கள். புளித்த பால் ஒரு செம்பு. சாப்பிட்டு முடித்ததும் சிமியோன் சுருளை எடுத்தான்.

"வாடா, டவுன்காரி வீட்டைப் பாப்போம்."

கவ்ரில் காகிதத்தை வைக்கோல்மேல் விரித்தான். நாலு மூலையிலும் வெங்காயம் வைத்தான்.

"படி எங்க?" என்றான்.

"நீதானே பாக்கற."

"இல்லண்ணே. ஒண்ணுகூட இல்ல. முற்றமும் வீட்டுத் தரையும் ஒண்ணா இருக்கு. நிலைப்படியும் இல்ல."

"கோழி நேரா உள்ள வரும்."

"கோழி என்ன, பசுவே வரும். கதவு அகலத்தைப் பாருங்க. எல்லாக் கதவும் ஒரு மீட்டர்."

"குண்டச்சின்னு நெனச்சுட்டாளா ரஃபிலாவை?"

"மாடி இல்ல. கார் நிறுத்த இடம் இல்ல. இதைக் கட்டினா தனிலா சிரிச்சே செத்துருவான். ஒரு லாபம் அதுதான்."

இருவரும் சிரித்தார்கள். கவ்ரில் விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் போனான். படுக்கையறை கிழக்கே. ஜன்னல் மிகத் தாழ்வாக, கட்டில் உயரத்திலேயே. அதிலிருந்து பார்த்தால் கேட்டும் மேட்டு வயலும் தெரியும். நடைவழி சுவர் நெடுக ஒரு இரட்டைக் கோடு.

"இது என்னடா?" என்றான் சிமியோன். ஒவ்வொரு அறையிலும் புள்ளிக் கோட்டில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"மேசையா இருக்கும்."

"குளியலறையில மேசையா?"

கவ்ரில் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினான். பாக்கெட்டிலிருந்து அளவுப் பட்டியை எடுத்து வட்டத்தின் மேல் வைத்தான். ஓரத்தில் எழுதியிருந்த எண்ணைப் படித்தான். ஒன்றரை மீட்டர்.

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னடா?"

"ஆஸ்பத்திரி வார்டு ஒண்ணு கட்டினேன்ல, சிகேட் டவுன்ல. அங்க இந்த வட்டம் போட்டிருந்தாங்க. தப்பாக் கட்டி, ஒரு சுவரை இடிச்சுக் கட்டினோம். அதனால மறக்கல." இரட்டைக் கோட்டைக் காட்டினான். "இது கைப்பிடிக் கம்பி. வட்டம் சக்கர நாற்காலி திரும்புற இடம்."

"சக்கர நாற்காலியா?"

"ஆமா."

"எங்க வீட்ல யாருக்குடா சக்கர நாற்காலி?"

கவ்ரில் வெங்காயத்தை எடுத்தான். காகிதம் தானாகச் சுருண்டுகொண்டது.

சிமியோன் எழுந்து வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். பிறகு தொடையில் அடித்தான்.

"கிழவி! அந்த இத்தாலிக் கிழவி! பியெரா! தொண்ணூத்தொரு வயசு. என்னை விட்டா அவளுக்கு நாதி இல்ல, நாதி இல்லன்னு சொல்லிட்டே இருப்பா. கூட்டிட்டு வராடா! என் நிலத்துல, என் வீட்ல, வெளிச்சமான அறையைக் கிழவிக்கு ஒதுக்கியிருக்கா!"

"இருக்கலாம்," என்றான் கவ்ரில்.

"இருக்கலாம் என்ன, அதேதான். அதனாலதான் அந்தப் பொண்ணு வாயைத் தொறக்கல. மூணு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து சதி பண்ணியிருக்காளுங்க."

"அண்ணி ஈஸ்டருக்கு ஏண்ணே வரல?"

"வேலை."

"கிறிஸ்துமஸுக்கு?"

"வேலைன்னு சொல்றேன்ல."

"போன வருஷம் வந்தாங்களே, அப்ப வைக்கோலுக்கு மேட்டு வயலுக்கு வந்தாங்களா?"

"முதுகு வலின்னா. சமையல் பண்ணிக் கீழ இருந்தா. நீ என்ன போலீஸா?"

கவ்ரில் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டான். "படிக்குத் தண்ணி விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

*

சனிக்கிழமை வேன் அரைமணி நேரம் தாமதமாக வந்தது. சிமியோன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சொல்லவேண்டியதை மனதில் அடுக்கி வைத்திருந்தான். கிழவியை இறங்கவே விடக்கூடாது. வந்த வேனிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து மூன்று பையை எடுத்து வைத்தான். பிறகு பக்கக் கதவுக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினான். ரஃபிலா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சிமியோன் அவளைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் வேனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது.

"எங்க?" என்றான்.

"என்னது எங்க?"

"கிழவி."

"எந்தக் கிழவி?"

"பியெரா. உன் பியெரா. எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

ரஃபிலா வேன் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"பியெரா பிப்ரவரியிலயே செத்துட்டா. போன்ல சொன்னேனே."

"என்கிட்டயா?"

"உன்கிட்டதான். நீ கன்னுக்குட்டி தலைகீழா வந்துச்சுன்னு சொல்லிட்டிருந்த."

கன்றுக்குட்டி தலைகீழாக வந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கிழவி செத்தது இல்லை.

வேன் போயிற்று. தூசி அடங்கியது. பிடிமானமாக இருந்த வேன் கதவு போனதும் ரஃபிலா கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் தோளுக்கு மேலாக அவள் பார்த்தாள்.

"அது யாரு வீடு?"

இந்தக் கேள்விக்காகத்தான் சிமியோன் மூன்று மாதம் காத்திருந்தான். ஆனால் குரல் அவன் நினைத்ததுபோல் இல்லை.

"நம்ம வீடு," என்றான். "கவ்ரில். சாவி கையில. பனி விழறதுக்கு முன்னால முடிஞ்சிரும்."

அவள் உதடு அசைந்தது. ஸ்மரந்தா உதடு அசைந்த மாதிரியே. எண்ணி முடித்ததும் ரஃபிலா மெதுவாகச் சரிந்து பெரிய பையின்மேல் உட்கார்ந்தாள். சாலையோரத்தில், வேனிலிருந்து இறங்கிய இடத்திலேயே.

"பதினாலு," என்றாள்.

"தனிலாவுக்குப் பன்னெண்டு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"ப்ளான் வந்துச்சா?"

"வந்துச்சு. கவ்ரில் பாத்தான். கதவு, கம்பி, வட்டம், எல்லாம் பாத்தோம். சக்கர நாற்காலி யாருக்குடின்னுதான் கேக்கறேன். கிழவி செத்துட்டான்னா யாருக்கு?"

"எனக்கு."

சிமியோன் சிரித்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்பு வாயிலேயே கிடந்தது.

"உனக்கு என்ன? நல்லாத்தானே இருக்க."

"உக்காந்திருக்கேன். உக்காந்திருந்தா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க." அவள் வலது முழங்காலைக் கையால் தட்டினாள். மரப்பலகையைத் தட்டுவதுபோலத் தட்டினாள். "நரம்புல ஏதோ. அதுக்கு ஒரு நீளமான பேரு. இந்தக் கால் முக்கால்வாசி போச்சு. அந்தக் கால் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு வருஷம் நடப்பேன்னு டாக்டர் சொல்றாரு. அவரு நல்ல மனுஷன். நல்ல மனுஷங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க."

"எப்ப இருந்து?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷம்!" அவன் குரல் தெரு முழுக்கக் கேட்டது. தனிலா வீட்டு நாய் குரைத்தது. "டவுன்காரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் யாருடி உனக்கு?"

"கத்தாத."

"அவகிட்ட சொன்ன, என்கிட்ட ஏன் சொல்லல?"

ரஃபிலா படியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ எத்தனை மாடின்னு கேட்ட. அவ, காலையில எப்படி எந்திரிக்கறீங்க அத்தைன்னு கேட்டா. அது வரைக்கும் யாரும் கேட்டதில்லய்யா. பதினாறு வருஷமா அந்தக் கேள்வியை நான்தான் அடுத்தவங்ககிட்ட கேட்டிருக்கேன். வாயில வந்துருச்சு. சொல்லிட்டேன்."

அவனும் திரும்பிப் படியைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா நீ வா வான்னு கூப்பிடுவ. வந்திருந்தா வீடு ஏது? வீடு இருந்தா, அதுல நான் யாரையும் கூப்பிடாம கக்கூஸ் போகலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் என் ஆசை. நான் எத்தனை பேரைத் தூக்கி உக்கார வச்சிருக்கேன் தெரியுமா? அவங்க மூஞ்சியைப் பாத்திருக்கேன்."

மேட்டு வயல் பக்கம் இடி ஒருமுறை உறுமி நின்றது.

ரஃபிலா தூணைப் பிடித்து எழுந்ததும் சிமியோன் பைகளைத் தூக்கினான். மூன்றையும் ஒரேயடியாகத் தூக்கி மரவீட்டில் கொண்டு வைத்தான். திரும்பி வந்து அவளைத் தூக்கப் போனான். "விடு, நடப்பேன்," என்றாள். அவன் முன்னால் நடந்தான். அவள் எப்படி வருகிறாள் என்று பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

சாயங்கால நேரம். கை தானாகப் போய் வாளியை எடுத்தது. கிணற்றில் இறக்கி, இறைத்து, இரண்டு வாளியோடு படிக்கு அடியில் வந்து நின்றான். மேல்படிச் சாக்கு வெளுத்துக் காய்ந்திருந்தது. எவ்வளவு தண்ணி குடிக்குதோ அவ்வளவு கெட்டியாகும். அவன் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். பிறகு தண்ணீரை மண்ணில் கொட்டினான்.

*

மறுநாள் ஞாயிறு. அதோடு புனித எலியாவின் திருநாள். இடியும் மின்னலும் அவருடையவை. அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இரும்பைத் தொடமாட்டார்கள். மழை வருகிறதென்று தெரிந்தாலும் வைக்கோலை அப்படியே விட்டுவிட்டு சர்ச்சுக்குப் போவார்கள்.

முதல் மணி அடித்தது. வெள்ளைச் சட்டையும் பூப்போட்ட பாவாடையுமாகத் தெரு நிறைந்தது. அப்போது சம்மட்டிச் சத்தம் கேட்டது.

ஒவ்வொருவராகக் கேட்டருகே நின்றார்கள். சிமியோன் சட்டையில்லாமல் உடைந்த கீழ்ப்படிமேல் நின்று இரண்டாவது படியை அடித்துக்கொண்டிருந்தான். நாலு நாள் கான்கிரீட். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது அடிக்கு மூலை பெயர்ந்தது.

"சிமியோன்! இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமாய்யா?" என்றாள் ஒரு கிழவி.

"தெரியும்."

"இடி விழும்டா!"

"விழட்டும். எனக்கும் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்."

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தனிலா வேலியோரம் வந்தான். மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தான்.

"என்ன சிமியோன், பதினாலு கண்ணை உறுத்துதா? என்னோட பன்னெண்டே போதும்னு தோணிருச்சா?"

சிமியோன் சம்மட்டியை இறக்கினான். தெரு முழுக்க அவனைப் பார்த்தது. மரவீட்டு ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. சொல்லிவிட்டால் ஒரு நொடியில் எல்லா வாயும் அடைபடும். அவன் நெற்றியைத் துடைத்தான்.

"கணக்குத் தப்பாயிருச்சு," என்றான்.

மறுபடி அடித்தான்.

"பித்துப் பிடிச்சிருச்சு. பொண்டாட்டி வந்ததும் பித்துப் பிடிச்சிருச்சு," என்று சொல்லிக்கொண்டே கூட்டம் நகர்ந்தது. கவ்ரில் மட்டும் நகரவில்லை. பொத்தான் போட்ட புது மேல்சட்டையோடு உள்ளே வந்தான். உடைந்த துண்டு ஒன்றைக் காலால் தள்ளினான்.

"அண்ணிக்குத்தானா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உனக்கு எப்படி?"

"வெள்ளிக்கிழமையே தோணுச்சு. எங்கம்மா இப்படித்தான் ரெண்டு வருஷம் முதுகு வலின்னு சொன்னா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"எப்படிண்ணே சொல்றது?"

சிமியோன் மூன்றாவது படியை அடித்தான். கான்கிரீட் உதிர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. கம்பியை அடித்தான். அது வளைந்து அதிர்ந்தது, அறுபடவில்லை. மறுபடி அடித்தான்.

"படியை உடைச்சா வீடு கீழ இறங்கி வருமாண்ணே?" என்றான் கவ்ரில்.

சம்மட்டி பாதியில் நின்றது. சிமியோன் நிமிர்ந்து மேலே பார்த்தான். தளம் இரண்டேகால் மீட்டர் உயரத்தில் அப்படியே நின்றது. இரவு முழுக்க அவன் படியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். தளத்தை நினைக்கவே இல்லை. உடைந்த கல்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இடிச்சிரு," என்றான். "எல்லாத்தையும் இடிச்சிரு. நான் பேரம் முடிஞ்ச சாராயம் குடிச்சுட்டுப் பின்வாங்கினவன்னு ஊர் சொல்லட்டும்."

கவ்ரில் தளத்துக்கு அடியில் போனான். கார் நிறுத்தும் இடத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை காலடியால் அளந்தான். வெளியே வந்து வாசலை அளந்தான். முற்றத்து மண்ணும் உள்தரையும் ஒன்றாக இருந்தன. கார் உருண்டு உள்ளே போவதற்காக அப்படிக் கட்டியிருந்தான்.

"கார் வாங்கப் போறீங்களா?"

"எனக்கு எதுக்குடா கார்?"

"அப்ப இது எதுக்கு?"

சிமியோன் அந்த வாசலைப் பார்த்தான். இரண்டரை மீட்டர் அகலம். கோழி ஒன்று உள்ளே போய்விட்டு வெளியே வந்தது.

"கிழக்குச் சுவரைத் தொறந்தா வெளிச்சம் வரும்," என்றான் கவ்ரில். "எவ்வளவு தொறக்கலாம், எங்க தொறக்கலாம்னு எனக்குத் தெரியாது. மேல தளம் இருக்கு, தப்பா வெட்டினா உக்காந்துரும். குழாய் எப்படிப் போகும், வட்டம் எங்க வரும், அதெல்லாம் எனக்கு வராது. அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க."

"நீ அவளைக் கோழிவீட்டுக்காரின்னு சொன்னியேடா."

"நீங்கதான் சொன்னீங்க. நான் பசுன்னு சொன்னேன்."

"நாம குடிச்சது?"

"குடிச்சது வீட்டுக்கு. படிக்கு இல்ல." கவ்ரில் மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "கம்பியைச் சம்மட்டியால அடிக்காதீங்க, கண்ணுல தெறிக்கும். நாளைக்குக் கட்டர் கொண்டாறேன். இன்னைக்கு எனக்குப் பூசை பாதி போச்சு."

அவன் போனான். மூன்று படி உடைந்திருந்தது. பதினொன்று தரையைத் தொடாமல் மேலே நின்றன.

மரவீட்டுக் கதவு திறந்தது. ரஃபிலா ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அந்த வீட்டின் நிலைப்படி ஓக் மரம், ஒரு சாண் உயரம். சிமியோன் பிறந்த நாளிலிருந்து அதைத் தாண்டிப் போய்வருகிறான்.

அவள் செம்பைத் தரையில் வைத்தாள். இடது கையால் நிலையைப் பற்றினாள். குனிந்து, வலது கையால் பாவாடைக்கு மேலாக முழங்காலுக்குக் கீழே பிடித்து, காலைத் தூக்கி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்தாள். ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல வைத்தாள். நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மற்ற காலைக் கொண்டுவந்தாள். பிறகு குனிந்து செம்பை எடுத்தாள்.

சிமியோன் கடைசிவரை பார்த்தான்.

அவள் வந்து செம்பை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். கல்குவியலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் அவன் தோளைப் பிடித்து உட்கார்ந்தாள். சர்ச்சில் இரண்டாவது மணி அடித்தது. மேட்டு வயலில் வைக்கோல் அள்ளப்படாமல் கிடந்தது. மழையின் முதல் துளி உடைந்த சிமெண்டில் விழுந்து கறுத்தது.

"ரஃபிலா."

"ம்."

"காலையில எப்படி எந்திரிக்கற?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறானா என்று பார்த்தாள்.

"சொல்லு," என்றான்.

"கண்ணு முழிச்சதும் எந்திரிக்க மாட்டேன்," என்றாள் ரஃபிலா. "முதல்ல படுத்துக்கிட்டே கால் விரலை அசைச்சுப் பாப்பேன். இன்னைக்கு எத்தனை விரல் அசையுதுன்னு."

"எத்தனை?"

"இன்னைக்கா? மூணு."

"சரி. அப்புறம்?"